போலீஸைக் கூப்பிட்டால் பாதுகாப்பு கூடுமா? உங்கள் நாட்டில் என்ன நடக்கிறது?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் சொந்தக்காரர்கள் நாலு நாடுகளில் இருக்கிறார்கள். குடும்பக் குழுவில் ஒரு பேச்சு வந்தது. பக்கத்து வீட்டில் ராத்திரி அடிதடிச் சத்தம், ஒரு பெண் அலறுகிறாள் என்றால் போலீஸைக் கூப்பிடுவீர்களா? லண்டனில் இருப்பவர், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, உடனே 999" என்றார். அமெரிக்காவில் இருக்கும் மாமா மகன், "அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கூப்பிட்டபிறகு நடப்பது நம் கையில் இல்லை" என்றான். ஊரில் இருக்கும் பெரியம்மா, "நாளைக்கு சாட்சி சொல்ல நீதான் அலையணும்" என்றார். துபாயில் இருக்கும் தம்பி பதிலே போடவில்லை.

நாலு பேரும் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் நாலு விதமான பதில். போலீஸ் நல்லவர்களா கெட்டவர்களா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த நாட்டில் ஒருவர் அந்த எண்ணை அழுத்தினால் வாசலுக்கு யார் வருகிறார்கள், கையில் என்ன இருக்கிறது, அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

வடக்குவாசல்

அமெரிக்கா பற்றி நான் எழுதுகிறேன். உங்கள் மாமா மகன் சொன்னது மிகையில்லை.

இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே எண், 911. முதல் அழைப்பு 1968இல் அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் செய்யப்பட்டது. தீ, மாரடைப்பு, திருட்டு, மனநலம் சரியில்லாமல் கத்தும் மகன், சத்தமாகப் பாட்டு போடும் பக்கத்து வீடு, எல்லாமே அந்த ஒரு வாசல் வழியாகத்தான் போகின்றன. பெரும்பாலான ஊர்களில் ரோந்தில் எப்போதும் இருப்பது போலீஸ் கார் மட்டும்தான் என்பதால் முதலில் வந்து நிற்பதும் அதுதான். வருபவர் இடுப்பில் துப்பாக்கி இருக்கும். எதிரில் இருப்பவரிடமும் துப்பாக்கி இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அவர் காரை விட்டு இறங்குகிறார்.

வாஷிங்டன் போஸ்ட் 2015 முதல் வைத்திருந்த கணக்கில், போலீஸ் சுட்டு இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இந்த எண்ணிக்கை பெரும்பாலான ஆண்டுகளில் ஒற்றை இலக்கம்தான். மக்கள்தொகை ஐந்தரை மடங்கு என்று கழித்துப் பார்த்தாலும் இடைவெளி மலைபோல நிற்கிறது.

நம்மவர்களுக்கு உறைக்க வேண்டிய சம்பவம் 2015 பிப்ரவரியில் நடந்தது. குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு, பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த 57 வயது தாத்தா. அலபாமாவின் மேடிசனில் காலையில் வீட்டுப் பக்கத்து நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். அறிமுகமில்லாத ஒல்லியான கறுப்பு ஆள் சுற்றுகிறான் என்று அக்கம்பக்கத்தவர் ஒருவர் போலீஸுக்குப் போன் செய்தார். ஆங்கிலம் தெரியாத தாத்தா தெரிந்த ஒன்றிரண்டு சொற்களில் மகன் வீட்டைக் காட்டினார். காவலர் அவர் கையைப் பின்னால் பிடித்துக் காலை வாரித் தரையில் அடித்தார். கழுத்துப் பகுதி முதுகெலும்பு பாதித்து உடல் ஓரளவு முடங்கிப்போனது. அந்தக் காவலர் மீதான வழக்கில் இரண்டு முறை ஜூரிகளால் முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில் நீதிபதி அவரை விடுவித்தார். போன் செய்தவருக்கு அன்று எந்த ஆபத்தும் இல்லை. ஆபத்து முழுக்க யாரைப் பற்றிப் போன் போனதோ அவருக்குத்தான்.

கூப்பிட்டவரே செத்த கதையும் உண்டு. 2024 ஜூலையில் இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்ட் அருகே, வீட்டைச் சுற்றி யாரோ நடமாடுவதாக 911ஐ அழைத்த கறுப்பினப் பெண்ணை, வந்த காவலரே அவர் வீட்டுச் சமையலறையில் சுட்டுக் கொன்றார். அடுப்பில் இருந்த கொதிநீர்ப் பாத்திரத்தை அந்தப் பெண் கையில் எடுத்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் காவலர் 2025இல் கொலைக்குற்றவாளி என்று தீர்ப்பானது.

கருங்கல்

வடக்குவாசல், நீங்கள் சொன்ன சம்பவங்கள் உண்மை. ஆனால் அமெரிக்காவில் 911க்கு வரும் அழைப்புகள் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில். அவற்றில் மிகப் பெரும்பாலானவை யாருக்கும் கீறல்கூட விழாமல் முடிகின்றன. அதை யாரும் செய்தியாக்குவதில்லை.

போலீஸே வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1969 அக்டோபர் 7 அன்று கனடாவின் மாண்ட்ரியல் போலீஸார் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 16 மணி நேரம்தான். அதற்குள் வங்கிகள் கொள்ளை போயின, கடைவீதிகள் சூறையாடப்பட்டன, இரண்டு பேர் செத்தார்கள். அதே ஊர், அதே மக்கள். கூப்பிட்டால் வர ஆள் இருக்கிறது என்ற நினைப்பே பாதிக் காவல்.

வடக்குவாசல்

கருங்கல், போலீஸை ஒழிக்கச் சொல்லவில்லை. கூப்பிட்டால் வருவார்கள் என்பதே இங்கே உரிமை கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1999இல் கொலராடோவின் காஸில் ராக்கில், நீதிமன்றத் தடையுத்தரவை மீறிக் கணவன் மூன்று பெண் குழந்தைகளையும் கொண்டுபோய்விட்டான். தாய் இரவு முழுக்க போலீஸைத் திரும்பத் திரும்ப அழைத்தார், நேரிலும் போய்க் கெஞ்சினார். யாரும் தேடப் போகவில்லை. மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தடையுத்தரவை போலீஸ் அமலாக்கியே ஆக வேண்டும் என்று கேட்க அந்தத் தாய்க்கு அரசியல் சட்டப்படி உரிமை இல்லை என்று. நாம் செலுத்தும் வரிக்கு ஈடாகப் பாதுகாப்பு வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

வக்கீல்_மலர்

இந்தியாவின் சிக்கல் வேறு மாதிரி. இங்கே கூப்பிட்டவரைப் போலீஸ் சுட்டுவிடும் என்று யாரும் பயப்படுவதில்லை. கூப்பிட்டபிறகு எதுவும் நடக்காது, அல்லது நம்மை வைத்தே நடக்கும் என்றுதான் பயம். நெடுவழியின் பெரியம்மா சொன்னது அதைத்தான்.

112 என்ற ஒரே எண் 2018 கடைசியிலிருந்து மாநிலம் மாநிலமாக வந்தது. பழைய 100ம் பல இடங்களில் ஓடுகிறது. வண்டி வருவது முன்னைவிடப் பரவாயில்லை. வந்தவர்கள் சத்தத்தை அடக்கிவிட்டு, "காலையில் ஸ்டேஷனுக்கு வாங்க" என்று சொல்லிப் போய்விடுவார்கள். உண்மையான போராட்டம் காலையில் ரைட்டர் மேசைக்கு முன்னால்தான் ஆரம்பிக்கும். புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி விடுறோம்மா" என்பார்கள். வற்புறுத்தினால் சிஎஸ்ஆர் ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். பலர் அதையே எஃப்ஐஆர் என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது புகார் பெறப்பட்டது என்பதற்கான சீட்டு மட்டுமே, வழக்கு இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எத்தனையோ பெண்கள் அடித்தவன் வீட்டுக்கே திரும்பிப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போடுவது கட்டாயம் என்றது. இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், "இது எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. எஃப்ஐஆர் நகல் இலவசம். போட மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். பாலியல் குற்றம் போன்ற சிலவற்றில் புகாரைப் பதிய மறுத்த காவலருக்கே சிறை உண்டு. டெல்லி 2012 சம்பவத்துக்குப் பிறகு வந்த திருத்தம் அது.

ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்ததை மக்கள் மறக்கவில்லை. சிபிஐ ஒன்பது காவலர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை போட்டது. "ஸ்டேஷன் படி ஏறாதே" என்று சொல்லும் பெரியம்மாவைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டு வன்முறைக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். போலீஸ் ஒன்றே வழியில்லை. 181ஐ அழைக்கலாம். 2005 சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவர் வழியாக நேராக நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பெண்ணை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லவும் முடியாது, அவர் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருப்பவரிடம் ரைட்டர் பேசும் குரலே மாறும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மழைச்சாரல்

மலர் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தால் அவர் பெயர் அந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? எங்கள் மாடியில் இதற்குப் பயந்தே யாரும் வாயைத் திறப்பதில்லை.

வக்கீல்_மலர்

112இல் அழைப்பவரின் எண் பதிவாகும்ப்பா. ஆனால் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்று 2005 சட்டத்திலேயே இருக்கிறது. சாலை விபத்தில் உதவுபவருக்கு 2019 திருத்தத்திலிருந்து தனிப் பாதுகாப்பும் உண்டு. பெயர் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது.

பனங்கூடல்

நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்கட பெற்றோர் இலங்கையிலிருந்து கொண்டுவந்த பயம் பெரியது. அங்கே 119ஐ அழைத்து முறைப்பாடு கொடுக்கப் போனால், சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, விளங்காத தாளில் கையெழுத்து வைக்கச் சொன்ன அனுபவம் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியாகிவிடும். அப்படி வாழ்ந்த மனிதரிடம் "இங்கே பொலிஸ் அப்படி இல்லை அம்மா" என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது.

ஆனால் கனடாவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். 2020 ஜூனில் மிசிசாகாவில், மனச்சிதைவு நோய் உள்ள 62 வயது ஐயா ஒருவர் மருந்து எடுக்காமல் இருக்கிறார், உதவி வேண்டும் என்று குடும்பத்தார் அவசரமில்லாத இலக்கத்துக்குத்தான் அழைத்தார்கள். வந்தது பொலிஸ். அவரிடம் கத்தி இருக்கிறது என்றார்கள். தாங்கள் உள்ளே போய் அவரோடு பேசுகிறோம் என்று குடும்பத்தார் கேட்டும் விடவில்லை. பல்கனி வழியாக ஏறிக் கதவை உடைத்துச் சுட்டார்கள். ஐயா அங்கேயே இறந்துபோனார். மாகாண விசாரணைப் பிரிவு காவலர் மீது வழக்குப் போடவில்லை. அவர் குற்றவாளியில்லை, நோயாளி. வீட்டுக்கு வர வேண்டியது தாதி.

அதன் பிறகு 2022இல் ரொறன்ரோ மாநகரசபை ஒரு நெருக்கடிச் சேவை தொடங்கியது. 211ஐ அழைத்தால் மனநலத்தில் பயிற்சி பெற்றவர்கள் பொலிஸ் இல்லாமல் வருவார்கள், இரவு பகல் எந்த நேரமும். தமிழ் வேண்டும் என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இது எங்கட ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மிசிசாகா ரொறன்ரோ மாநகர எல்லைக்குள் வராது என்பதையும் கவனியுங்கோ, அங்கே ஏற்பாடு வேறு.

வடக்குவாசல்

பனங்கூடல் சொன்னது போலத்தான் இங்கும். டென்வரில் 2020 ஜூனிலிருந்து ஸ்டார் என்ற திட்டம் ஓடுகிறது. மனநலம், போதை, வீடின்மை தொடர்பான 911 அழைப்புகளுக்கு மருத்துவப் பணியாளரும் மனநல ஊழியரும் வேனில் போகிறார்கள். முதல் ஆறு மாதத்தை ஆராய்ந்தபோது, அந்த வேன் ஓடிய பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 சதவீதம் குறைந்திருந்தன, கொடுங்குற்றம் கூடவில்லை. தற்கொலை எண்ணம், மன நெருக்கடிக்கு நாடு முழுக்க 988 என்ற எண் 2022 ஜூலையில் வந்தது. ஒரு வருத்தம், இதற்கெல்லாம் முன்னோடியான ஓரிகன் யூஜீன் நகரத்து காஹூட்ஸ் 1989இல் தொடங்கியது, 2025இல் அந்த ஊரில் பணமில்லாமல் நின்றுபோனது. நன்றாக ஓடுவதற்குத்தான் முதலில் நிதியை வெட்டுகிறார்கள்.

தேம்ஸ்கரை

பிரிட்டன். வட அயர்லாந்தைத் தவிர மற்ற இடங்களில் சாதாரணக் காவலர் துப்பாக்கி இல்லாமல்தான் வருவார். அதனால்தான் லண்டன்காரர் யோசிக்காமல் 999 என்கிறார். இங்கே பேசவே முடியாத நிலையில் இருப்பவருக்கும் வழி உண்டு. கைப்பேசியில் 999ஐ அழைத்து, இணைப்பவர் கேட்கும்போது பேச முடியாவிட்டால் 55ஐ அழுத்த வேண்டும், போலீஸுக்கு மாற்றுவார்கள். அடிக்கிறவன் அதே அறையில் நிற்கும்போது இது உயிர்காக்கும். ஆனால் 55 அழுத்தினாலே இருக்கும் இடம் போலீஸுக்குத் தெரிந்துவிடாது. இருமியோ தட்டியோ கேள்விகளுக்குப் பதில் காட்ட வேண்டும்.

2021 மார்ச்சில் ஒரு பெண்ணை லண்டன் பெருநகரப் போலீஸின் காவலர் ஒருவரே, பணி நேரம் இல்லாதபோது, அடையாள அட்டையைக் காட்டி நிறுத்திக் கடத்திக் கொன்றார். 2023இல் அந்தப் படையை ஆராய்ந்த லூயிஸ் கேசியின் அறிக்கை, அதில் இனவெறியும் பெண்வெறுப்பும் அமைப்புக்குள்ளேயே ஊறியிருக்கின்றன என்று எழுதியது. சாதாரண உடையில் தனியாக வரும் காவலர்மேல் சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையோடு பேசி உறுதிப்படுத்தக் கேட்கலாம் என்று வழி செய்ததே அந்தக் கொலைக்குப் பிறகுதான்.

கிழக்குக்காற்று

ஜப்பானை எல்லாரும் சொர்க்கம் என்பார்கள். தெருவுக்குத் தெரு கோபான் என்ற சின்னக் காவல் சாவடி, வழி கேட்கலாம், தொலைந்த பையை ஒப்படைக்கலாம். குழந்தைகள்கூட பயமில்லாமல் போய் நிற்கும். சிங்கப்பூர் 1983இல் இதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கக் காவல் சாவடிகளைத் தொடங்கியது.

அதே ஜப்பானில் 1999இல், பின்தொடர்ந்து மிரட்டுகிறான் என்று 21 வயது மாணவி குடும்பத்தோடு போய்க் காவல் நிலையத்தில் முறையிட்டார். காதல் சண்டை என்று தட்டிக்கழித்தார்கள். கொடுத்த புகாரை வெறும் தகவல் என்று காகிதத்தில் மாற்றி எழுதினார்கள். அக்டோபரில் ஒகெகாவா ரயில் நிலையத்தின் முன் அவர் குத்திக் கொல்லப்பட்டார். மூன்று காவலர்களுக்கு வேலை போனது, தண்டனையும் வந்தது. அடுத்த ஆண்டே பின்தொடர்வோருக்கு எதிரான சட்டம் வந்தது. மலர் சொன்ன ரைட்டர் மேசையும் இதுவும் ஒன்றுதான். தெருவில் மரியாதையாக வழி சொல்லும் போலீஸ், மேசையில் உட்கார்ந்து பெண் சொல்வதை நம்புமா என்பது தனிக் கேள்வி.

எண்ணும்எழுத்தும்

கொஞ்சம் தரவு. புகார் எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது, 2022இல் வெளியானது. பெண்களுக்கான உதவி மேசை வைத்த நிலையங்களில் பதிவான வழக்குகள் கூடின, முக்கியமாகப் பெண் காவலர் உட்கார்ந்த மேசைகளில். குற்றம் கூடியதால் இல்லை, காது கொடுக்க ஆள் கிடைத்ததால்.

கைது செய்தால் அடி நிற்குமா? 1981–82இல் மினியாபொலிஸில் லாரன்ஸ் ஷெர்மன் குழு செய்த சோதனை ஆம் என்றது. அதை நம்பி அமெரிக்க மாநிலங்கள் கட்டாயக் கைதுச் சட்டம் போட்டன. மற்ற ஊர்களில் திரும்பச் செய்தபோது முடிவு கலைந்தது. மில்வாக்கியில் வேலை இல்லாத ஆண்களிடம் கைதுக்குப் பிறகு வன்முறை கூடியது. 23 ஆண்டு கழித்து ஷெர்மனே திரும்பிப் பார்த்தபோது, கணவனோ துணையோ கைதான பெண்கள், எச்சரித்து மட்டும் விடப்பட்ட வீட்டுப் பெண்களைவிட எல்லாக் காரணங்களையும் சேர்த்து 64 சதவீதம் கூடுதலாக இறந்திருந்தார்கள். என்னை இரண்டு நாள் தூங்கவிடாத எண் இது. கூப்பிடக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. விலங்கு மாட்டிக் கொண்டுபோனபின் அந்தப் பெண்ணை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

மணல்வழி

நெடுவழியின் துபாய்த் தம்பி ஏன் பதில் போடவில்லை என்று எனக்குப் புரிகிறது. வளைகுடாவில் தெருக்கள் பாதுகாப்பானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் விசா முதலாளி கையில் இருக்கும்போது அவர்மேல் புகார் கொடுப்பது சுலபமில்லை. நாம் ஸ்டேஷனுக்குப் போவதற்குள், ஓடிப்போனான் என்று அவர் புகார் கொடுத்துவிட்டால் நாமே குற்றவாளி. 2013இல் துபாயில் பாலியல் வன்கொடுமை நடந்ததாகப் புகார் செய்த நார்வே பெண்ணுக்கே, திருமணத்துக்கு வெளியே உறவு என்று 16 மாதச் சிறை விதித்தார்கள். உலகமே கத்தியபின் மன்னிப்புக் கிடைத்தது. பிறகு அங்கே சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். சம்பளம், பாஸ்போர்ட் பிரச்சினைக்கு முதலில் தூதரகம், இந்தியர் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் புகார் இணையதளத்திலும் ஒரு பதிவு, அப்புறம் ஸ்டேஷன். எங்கள் முகாமில் இந்த வரிசையில்தான் செய்கிறோம்.

நெதர்லாந்தில் குடியிருக்க ஆவணம் இல்லாதவர்கூட ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டுப் பிடிபடாமல் வெளியே வரலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று எல்லா நாட்டிலும் வந்தால் எத்தனை பேர் மூச்சு விடுவார்கள்.

கருங்கல்

மாற்றவே முடியாது என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். ஜார்ஜியாவில் (அமெரிக்க மாநிலம் இல்லை, முன்னாள் சோவியத் நாடு) போக்குவரத்துப் போலீஸ் என்றாலே லஞ்சம் என்று இருந்தது. 2003 ரோஜாப் புரட்சிக்குப் பின் வந்த அரசு அந்தப் போக்குவரத்துப் படை மொத்தத்தையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியது. ஆயிரக்கணக்கானவர்கள். புது ஆட்களை எடுத்து, சம்பளத்தைப் பல மடங்கு ஏற்றி, உள்ளே நடப்பது வெளியே தெரியும்படி கண்ணாடியில் காவல் நிலையங்களைக் கட்டினார்கள். பார்த்தாலே ஒதுங்கிப் போன ஜனங்கள் தாங்களே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நெடுவழி

எல்லாருக்கும் நன்றி. வடக்குவாசல், ஒன்று மட்டும் கேட்கிறேன். மாமா மகன் வீட்டிலேயே மனநலம் சரியில்லாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். வேறு வழியே இல்லாமல் 911ஐ அழைக்க நேர்ந்தால் அவன் என்ன சொல்ல வேண்டும்?

வடக்குவாசல்

உயிருக்கு ஆபத்து இல்லை என்றால் முதலில் 988. அங்கிருந்தே நேரில் வரும் குழு அந்த ஊரில் இருக்கிறதா என்று கேட்கலாம். 911தான் என்றால், முதலில் முகவரி, லைன் அறுந்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அடுத்த வாக்கியமே "இது மருத்துவ அவசரம், அவர் நோயாளி" என்று இருக்கட்டும். நோயின் பெயர், மருந்தின் பெயர், வீட்டில் ஆயுதம் இல்லை என்றால் இல்லை என்பது, அவருக்கு என்ன மொழி புரியும், காது கேட்குமா, எல்லாம் சொல்ல வேண்டும். மன நெருக்கடிக்குப் பயிற்சி பெற்ற காவலரை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். 1988இல் மெம்ஃபிஸில் தொடங்கிய அந்தப் பயிற்சி இன்று பல ஊர்களில் இருக்கிறது, ஆனால் நாம் கேட்காவிட்டால் அனுப்பாமலும் போகலாம். கார் வந்து நிற்கும்போது ஒருவர் வெறுங்கையோடு வெளியே நின்று, இதையெல்லாம் வருகிறவரிடம் இன்னொரு முறை சொல்ல வேண்டும். போனில் சொன்னது முழுவதும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இதை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி இன்றைக்கே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் யாருக்கும் மருந்தின் பெயர் நினைவுக்கு வராது.